நாத்தனார் முடிச்சு போடப் போன அம்மா

தம்பிக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எங்கே போய் நிற்பான் என்று மாரியாத்தாவுக்குத்தான் வெளிச்சம். முந்திரிக்கொட்டைகளை வாசலிலிருந்து அடுப்படி வரை வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் போச்சு, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். இதற்கு என்ன பெயர் என்று சொல்ல அன்றைக்கு ஆண்டிமடத்தில் ஆள் கிடையாது. அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

அந்த வருஷம் திருமானூரில் மாமாவுக்குக் கல்யாணம். மாமாவின் ஒரே அக்கா அம்மாதான். தாலியில் நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். ஆனால், ‘புள்ளைய வச்சுக்கிட்டு நீ எப்புடி வருவ, பெரியப்பா மவ போடட்டும்’ என்று பிறந்த வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள்.

நான்தான் ஓடிப்போய் எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு வந்ததே கோபம்! தன்கூட முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஒந்தம்பி தாலிக்கு எவளோ முடிச்சு போடுவா, நீ இங்க குந்தியிருப்பியா? கெளம்புடி. புள்ளைய நாங்க பாத்துக்கறோம்.”

“அலுமினியத் தட்டுல போட்டாத்தான் திம்பான், அண்ணி...”

“தெரியும்.”

“கொட்டைய நகத்தக் கூடாது...”

“எல்லாம் தெரியும்டி. நாலு வருசமா கண்ண மூடிக்கிட்டா இருக்கோம்?”

அம்மா முடிச்சு போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பந்திக்குக் கூப்பிடப் போனால், மணப்பெண் அறையில் அம்மா வெறும் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்! வெளியே தவில் இடி இடிக்கிறது. உலுக்கினேன், காதில் கத்தினேன். ம்ஹூம். கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. அவமானத்தில் எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெருவில் ஒரு சத்தமில்லை. யாரும் உரல் இடிக்கவில்லை, குழாயடிச் சண்டைகூட இல்லை. அம்மா பதறி ஓடினாள். அத்தை வாயில் விரல் வைத்துக் கீழே காட்டினாள். எங்கள் வாசலில் ஆரம்பித்த முந்திரிக்கொட்டை வரிசை தெருவைத் தாண்டி அத்தை வீட்டுக்குள் போயிருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். வரிசையின் முனையில் தம்பி, ராஜா போல.

“அழுதானா அண்ணி?”

“மொதல்ல அழுதான். கொட்டைய எல்லாம் கொண்டாந்து கொட்டுனோம், சரியாயிட்டான்.”

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு விட்டுப்போன பந்திதான் பெரிதாக இருந்தது. “கல்யாணத்துக்குப் போயி அம்மா தூங்கிடுச்சு!” என்று மானத்தை வாங்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

“இனிமே வெள்ளிக்கெழம மத்தியானம் புள்ள எங்கிட்ட இருக்கட்டும்,” என்றாள் அத்தை. “நீ எங்கயும் போவ வேணாம். படுத்துத் தூங்கு, போதும்.”

பட்டப்பகலில் தூங்குவதற்குக்கூட நாள் குறிப்பார்களா என்று எனக்கு ஒரே சிரிப்பு. அம்மா ராத்திரியில் என்னதான் செய்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கெப்படித் தெரியும்? நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.