பதினோரு விருப்பப் பாடல்கள்

சுனாமி வந்த மறுமாதம், பத்தொன்பதாவது வயதில், கடியப்பட்டணம் ஜெராக்ஸ் கடையில் ரெஜிஷா வேலைக்குச் சேர்ந்தாள். ரேஷன் கார்டைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் வீட்டு ஆளையே கொடுத்தவர்களும் வாசலில் வரிசையாக நின்ற நேரம் அது. பெயர் இல்லாத விண்ணப்பம் எந்த மேசையையும் தாண்டாது என்பதை அந்த வரிசையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஆறு வருஷத்தில் கடையே அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது.

2011 ஜனவரியில் வளைகுடாவில் இரண்டு மீன்பிடிப் படகுகள் காற்றில் எல்லை தாண்டின. பக்கத்து நாட்டுக் காவல்படை பிடித்துக்கொண்டு போனது. படகுகளில் இருந்த பதினோரு பேரும் கடியப்பட்டணத்துக்காரர்கள். அதில் ஒருவன் ரெஜிஷாவின் கணவன் ஜெனின். படகு முதலாளி போனை எடுப்பதில்லை. விசா ஏற்பாடு செய்த அல்போன்ஸ் வீடு வீடாக ஏறி இறங்கி, "சத்தம் காட்டாதிங்க. காட்டினா கேஸு முறுகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் யாரும் சத்தம் காட்டவில்லை. ஆட்களும் வரவில்லை.

ரெஜிஷா நாகர்கோவிலில் மனித உரிமை வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்தாள். அவர் விஷயத்தை நேராகச் சொன்னார்: "நீங்க மட்டும் கேட்டா ஒரு கடிதத்தோட முடிஞ்சிடும். பதினோரு குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா மதுரை ஐகோர்ட்டுல மனுவே போடலாம். மே மாசம் கோர்ட் லீவு. ஏப்ரல் கடைசித் திங்கள்கிழமை காலையில பேப்பர் என் கையில இருக்கணும்."

முதல் கோட்டில் அவளே கையெழுத்துப் போட்டாள். மீதிப் பத்துக் கோடுகளோடு பத்து வீடு ஏறினாள். எல்லா வீட்டிலும் கட்டன்சாயா கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை.

கூட்டம் போட்டால் வராத ஊர், மேடைப் பாட்டுக் கச்சேரியான கானமேளா என்றால் பாயோடு வந்து இடம்பிடிக்கும். குளச்சலில் கானமேளா குழு வைத்திருந்த கமருதீனுக்கு, பாட்டுக்கு நடுவே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அவள் போன் போட்டாள். அவர் பாட்டு வரிகளை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வருகிற பழக்கம்.

"கூலி தர முடியாது அண்ணே."

"சாப்பாடாவது உண்டுமா?"

"மரச்சீனிக் கெழங்கும் சாளை மீன் கறியும்."

"அப்ப ரெண்டு பாட்டுக் கூடுதலாப் பாடுவேன்."

பிறகு ரெஜிஷா ஒரு தப்புச் செய்தாள். அந்தக் கடற்கரையில் விழா நோட்டீஸ் என்றால் பெயர்தான் முக்கியம். ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருஷம் முகம் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் பதினோரு பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு, மேலே ‘வெளிநாட்டுச் சிறையில் வாடும் நம் சகோதரர்களுக்காக’ என்று அடித்து, விடிவதற்குள் ஊர் முழுக்க ஒட்டிவிட்டாள். மதியத்துக்குள் ஒரு நோட்டீஸ்கூடச் சுவரில் இல்லை.

கிழித்த நோட்டீஸோடு கடைக்கு முதலில் வந்தவள் ரீத்தா. பிடிபட்ட சிலுவைமுத்துவின் மனைவி, மீன் வியாபாரி. தலையிலிருந்த, மீன் சுமக்கும் அலுமினியக் குட்டுவத்தை இறக்கி ஜெராக்ஸ் மெஷின் மேலேயே வைத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு மண்ட கொழம்பிப் போச்சா? எனக்க மாப்பிள களவாண்டுட்டாட்டி போனாரு? சிறைன்னு எழுதி வச்சிருக்க!"

"களவுன்னு எங்க அக்கா எழுதியிருக்கேன்?"

"ஜெயிலுன்னா ஊரு வேற என்னத்த நெனைக்கும்? ஜூன் மாசம் மூத்தவளப் பொண்ணு பாக்க வாராவ. இந்தப் பேப்பர அவிய பாத்தா நீயா கெட்டிக்குடுப்ப?"

"அத்தான் வர வேண்டாமா அக்கா?"

ரீத்தா குட்டுவத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். "பாட்டுக் கேக்க வாறேன். மேடைக்குக் கூப்பிட்டியானா அப்பமே எந்திச்சுப் போயிருவேன், பாத்துக்க."

மெஷினில் மீன் வாடை மூன்று நாள் இருந்தது. ரெஜிஷா பெயர்களை எடுத்துவிட்டு, ‘கடல் தொழிலாளர் உரிமைக்காக ஒரு கானமேளா’ என்று மட்டும் போட்டு மறுபடி ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லாததால் ஐந்தரை மணிக்கே கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. மேடையின் ஓரத்தில் ஒரு மேசை, அதில் கல் வைத்து அமுக்கிய மனு, பக்கத்தில் பேனா. மூன்றாவது பாட்டு முடிந்ததும் ரெஜிஷா மைக்கைப் பிடித்தாள். சிறை என்ற சொல்லைத் தொடாமல், தூரத்தில் இருப்பவர்கள், திரும்பி வர வேண்டியவர்கள் என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "பாட்டப் போடு மக்கா!" என்று ஒரு குரல் வந்தது. மைதானமே சிரித்தது. அவள் இறங்கி வந்து மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பத்துக் கோடுகள் காலியாகக் கிடந்தன. விடிந்தால் திங்கள்.

கானமேளா அதன் போக்கில் நடந்தது. விருப்பப் பாடல் கேட்டுத் துண்டுச்சீட்டுகள் மேடைக்கு வர ஆரம்பித்தன. சீட்டில் பாட்டும் பெயரும் இருக்கும். பாடுகிறவர் அந்தப் பெயரை வாசிப்பார், கேட்டவர் கையைத் தூக்க வேண்டும், தூக்காவிட்டால் பாட்டு கிடையாது. கமருதீன் குழுவின் சட்டம் அது.

கமருதீன் ஒரு சீட்டைப் பிரித்தார். பழைய படப் பாட்டு ஒன்று. "கேட்டவர் சிலுவைமுத்து. எங்க ஓய் இருக்கீரு? கையத் தூக்கும்!"

ஒரு கையும் எழவில்லை.

"சிலுவைமுத்து! பாட்டு வேணுமா, வேண்டாமா?"

மைதானத்தின் கடைசியில், மகள்களோடு பாயில் உட்கார்ந்திருந்த ரீத்தா எழுந்தாள். வலது கை தலைக்கு மேல் நின்றது.

"அவரு எங்கேருந்து வேய் கையத் தூக்குவாரு? ஜெயில்ல கெடக்காரு! களவாண்டுட்டு இல்ல, மீன் புடிக்கப் போயி. நூத்திப்பத்து நாளாச்சு. சீட்டு எழுதுனது நாந்தான். நீரு பாடும்!"

கமருதீன் சீட்டைப் பார்த்தார், ரீத்தாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பாட்டை, அன்று வேறு எதையும் பாடாத அளவுக்குக் கவனமாகப் பாடினார்.

அது முடிவதற்குள் நான்கு சீட்டுகள் வந்துவிட்டன, பிறகு இன்னும் ஐந்து. ஒவ்வொன்றிலும் சிறையில் இருப்பவனின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மனைவி கையைத் தூக்கினாள், அல்லது ஒரு தாய், ஒரு தம்பி. கை தூக்கியவர்கள் திரும்ப உட்காராமல் மேசையைப் பார்த்து நடந்தார்கள். ரெஜிஷா பேனாவை நீட்டுவதும் கோட்டைக் காட்டுவதுமாக இருந்தாள். அல்போன்ஸின் சொந்தத் தங்கை, மகனுக்காக ஒன்பதாவது கோட்டில் கையெழுத்துப் போட்டாள். "அண்ணன் கேட்டா நான்தான் போட்டேன்னு பறஞ்சிரு" என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிக் கோட்டில் ரீத்தா போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஒனக்க ஆளுக்குப் பாட்டு எங்கட்டி?"

ஒரு வாரமாக மைக்செட், அனுமதி, ஜெனரேட்டர் என்று ஓடியதில் ரெஜிஷாவுக்கு அது நினைப்பிலேயே இல்லை. ஒரு நோட்டீஸைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், ஜெனின் எப்போதோ முணுமுணுத்த ஞாபகத்தில் ஒரு பாட்டை எழுதினாள். கமருதீன் பெயரை வாசித்தபோது கையைத் தூக்கினாள். மேசைக்குப் பின்னால் நின்றபடி, மனு காற்றில் பறக்காமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு.

மறுநாள் முதல் பஸ்ஸில் மனு நாகர்கோவில் போனது. செப்டம்பரில் ஏழு பேர் வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மீதி நான்கு பேர், அதில் ஜெனின். கதையை முழுவதும் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பாட்டு எழுதிக் குடுத்த?"

சொன்னாள்.

"அய்ய! அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காதே. அந்தப் பாட்டு படகுல ஓடுனா நான் ரேடியோவ நிறுத்திருவேன்."

அடுத்த ஏப்ரலில் தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள் நாலு பேர் வேறொரு நாட்டில் அகப்பட்டிருந்தார்கள். இந்த முறை கானமேளா நோட்டீஸில் பெயர்களும் இருந்தன, ‘சிறை’ என்ற சொல்லும் இருந்தது. கிழிக்க வந்தவர்களை ரீத்தா பார்த்துக்கொண்டாள். சீட்டுகள் வந்து குவிந்த நேரத்தில் கமருதீன் ஒன்றைப் பிரித்தார்.

"கேட்டவர் கடியப்பட்டணம் ஜெனின். எங்க ஓய் இருக்கீரு? கையத் தூக்கும்!"

மேசைக்குப் பின்னால், ரெஜிஷாவுக்குப் பக்கத்தில், ஒரு கை எழுந்தது.