‘சாலிட்யூட்டுன்னா என்ன, அண்ணாச்சி?’

போன ஞாயிற்றுக்கிழமை காலை. போனை எடுத்ததும் பேச்சியம்மாள் கேட்ட கேள்வி அது.

பேச்சியம்மாள் என் நண்பன் இசக்கியின் மனைவி. கீழப்பாவூர்க்காரி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற இசக்கி, இப்போதுதான் வீட்டோடு வந்து சேர்ந்திருக்கிறான். பத்திரிகையில் பத்தி எழுதுகிற எனக்கு எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும் என்று நம்புகிற நல்ல குடும்பம்.

“தனிமைன்னு அர்த்தம். ஏம்மா கேக்கே?”

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவுக விடியங்காட்டியும் கெளம்பிப் போயிட்டாவ. ‘ஐ நீட் சாலிட்யூட்’னு வாட்ஸ்அப்ல போட்டிருக்காவ. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. குத்தாலம் பஸ்ல ஏறுனதப் பக்கத்து வீட்ல பாத்திருக்காவ. அங்கன வெள்ளம்னு டிவில சொல்லுதான், அண்ணாச்சி.”

உடனே தென்காசிக்கு, என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியுமா? ஆறுதலாக ஏதாவது கிடைக்கும் என்று போனில் அந்த வார்த்தையைத் தேடினேன்.

தேடியிருக்கக் கூடாது. ‘சோலஸ்’ என்ற லத்தீன் சொல்தான் வேர். தனியாக, ஒற்றையாக என்று பொருள். அதுவரை சரி. அதன் சொந்தபந்தங்களைப் பார்த்தால்… ‘டெஸலேட்’ — பாழாய்க் கிடப்பது. ‘சல்லன்’ — உம்மென்று இருப்பது. சாலிட்யூட் என்றாலே ஆளரவமற்ற இடம் என்றும் ஒரு பொருள் உண்டாம். ஒரு வார்த்தைக்கு இத்தனை மோசமான உறவினர்களா?

குற்றாலம் போகிற ஆட்டோவில் கேட்டேன். “ராத்திரி எதுவும் சண்டையா?”

“இல்ல அண்ணாச்சி. சோறு போட்டேன். நல்லாருக்குன்னாவ. அதான் பயமாருக்கு. அவுக அப்படியெல்லாம் சொல்ல மாட்டாவ.”

மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை. போட்டோவைக் காட்டிக் கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பேச்சியம்மாள் கடைகளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையைப் பிடிக்காத குறையாக அங்கிருந்து அழைத்து வந்தேன். சித்திரசபைக் கோயில் பக்கம் கூட்டம் குறைவு. அங்கே குளத்துப் படியில்… மடியில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டோடு இசக்கி.

பேச்சியம்மாளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. “எங்க மேல என்ன கோவம் ஒங்களுக்கு?”

“கோவமா?” அவன் நிஜமாகவே விழித்தான். “பட்டாளத்துல, தூங்கினாலும் முழிச்சாலும் சுத்தி ஆளு. வீட்டுக்கு வந்தா பேரப்பிள்ளையளும் பாக்க வாரவுகளும். ஒரு நாளு யாரும் ஒண்ணும் கேக்காம இருக்கணும்னு தோணுச்சு. அம்புட்டுதான்.”

“அத இங்கிலீசுலயா போடுவ?” என்றேன்.

“தமிழ்ல ‘தனியா இருக்கணும்’னு போட்டா இவ பயந்துருவாளேன்னுதாம்லே.”

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நீங்க பட்டாளத்துல இருந்த அத்தன வருசமும் நான் அப்படித்தான் இருந்தேன். அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்குன்னு யாரும் சொல்லல.”

இசக்கி சிப்ஸ் பாக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துகொண்டேன் — இரண்டு பேருக்கும் சேர்த்துக்கூட ஒரு சாலிட்யூட் தேவைப்படும் போலிருக்கிறது.