தெரியவில்லை என்ற பொத்தான்

பிரபஞ்சத்தில் இல்லாத சுருள்களை உண்டாக்கியவன் நான்தான். கடவுளைக் குறை சொல்லாதீர்கள்... நான்தான்!

சிரிக்காதீர்கள், விளக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி ஜோஸ்பின் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இந்த வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து, எது சுருள் வடிவம், எது முட்டை வடிவம் என்று கணினியே பிரித்துச் சொல்ல வேண்டும். பிறகு எந்த வடிவம் வானத்தில் எங்கே அதிகம் என்று அவள் புள்ளியியல் கணக்குப் போடுவாள். ஆனால் கணினிக்கு முதலில் ஒரு மனிதர் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே? அந்த மனிதர்... அடியேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று பொத்தான்கள். சுருள், முட்டை, தெரியவில்லை.

“தெரியலன்னா தெரியலன்னு போடுங்க, தப்பில்ல,” என்றாள்.

தப்பில்லையா? புதுச்சேரி உப்பளத்தில் பிறந்தவனிடம் சொல்கிற பேச்சா இது! எங்கள் தெருவில் வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று எவனாவது சொல்வானா? தெற்கே தவளக்குப்பம் போக வேண்டியவரை, கைநீட்டி, மேற்கே மூலக்குளத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். அவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்றாவது பொத்தானை நான் தொடவே இல்லை. பாதிப் படங்கள் ஈரச் சுவரில் பூத்த பூஞ்சை போலிருந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்... ஏதோ நான் தவறாகச் சொன்னால் அந்த விண்மீன்கள் அவிந்துவிடும் என்பதுபோல! சுருள் என்று போட்டால் அவள் முகம் மலர்ந்தது. பிறகென்ன? மங்கலாய் இருந்ததெல்லாம் சுருள்!

கணினி என்னிடம் ஒழுங்காகத்தான் பாடம் கற்றது. போன வாரம் ஜோஸ்பின் அதற்கு ஒரு சோதனை வைத்தாள். தொலைநோக்கியின் மூடியைத் திறக்காமலே எடுத்த வெறும் இருட்டுப் படம். கணினி சொன்னது: சுருள். துளியும் சந்தேகமில்லை!

“இந்தச் சனியனுக்குத் தெரியலன்னே சொல்லத் தெரியலங்க,” என்று தலையில் கைவைத்தாள். “இத நம்பிப் போட்ட கணக்கெல்லாம் போச்சு. ஆய்வேடு குடுக்கிற நேரத்துல... நான்தான் புரோகிராம்ல எங்கியோ கோட்டை விட்டிருக்கேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? வாயைத் திறந்தேன்.

“அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டி வுடு ஜோசி.”

அவள் சிரித்தாள். கண் கலங்கியபடியே சிரித்தாள்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான் போட்டதப் பாத்தியா? அதுல எதுனா...” என்று இழுத்தேன். அவ்வளவு தூரம்தான் என் வீரம் போயிற்று.

“எல்லாத்தையும் சந்தேகப்பட்டுப் பாத்துட்டேன். அது ஒண்ணதான் பாக்கல. நீங்க போட்டதாச்சே!”

பிரபஞ்சத்தையே சந்தேகிப்பது அவள் தொழில். அதில் எனக்கு மட்டும் விலக்கு! இந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்...

இன்று புதிய படங்களோடு வந்தாள். “முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். இந்த வாட்டியும் நீங்களே போட்டுக் குடுங்க.”

முதல் படத்தைத் திறந்தேன். நடுவில் கொஞ்சம் புகை... அவ்வளவுதான். என் விரல் மூன்றாவது பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. நின்றது... நின்றுகொண்டே இருந்தது.

ஜோஸ்பின் பின்னால் வந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

“என்னங்க அது?”

“சுருள்,” என்றேன்.