ஆஸ்பத்திரி மாமாவுக்கு என் ஆர்ஐபி கிடையாது

மாமா செத்துவிட்டார். நேற்று சாயந்திரம், புதுச்சத்திரத்தில், அவர் வீட்டிலேயே.

காலையில் இருந்து என் டைம்லைன் முழுக்க அவர் போட்டோதான். "ஆஸ்பத்திரி மாமா", "எங்கள் குலசாமி", "எந்த நேரம் கூப்பிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு வருவார்"... சரி, உங்களுக்கு வந்திருப்பார். எங்கள் வீட்டுக்கும்தான் வந்தார்.

அம்மாவின் சொந்த அண்ணன். அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஊரில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக் கொடுப்பார்.

என் தங்கச்சி ரேவதி அப்போது லேப் டெக்னீஷியன் கோர்ஸ் கடைசி வருஷம். லீவுக்கு வந்தவள் பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் ஆலைக்கொட்டாயில் வெல்லம் காய்ச்சும்போது கூடமாட நின்றாள். கொதிக்கிற பாகு வலது புறங்கையில் கொட்டிவிட்டது.

நாமக்கல்லில் டாக்டர் புண்ணைக் கழுவி, மெல்லிசாக ஒரு ஷீட்டை ஒட்டினார். "இது கொலாஜன்மா. மாட்டுத் தோல்ல இருந்து எடுக்கற புரதம், பயோபாலிமர்னு சொல்லுவோம். உடம்பு தன்னுதுன்னே ஏத்துக்கும். காஞ்சு சருகாட்டம் ஆகும், யாரும் தொட்றாதீங்க. அடியில தோல் வந்ததும் அதுவே உதிர்ந்துரும்" என்றார்.

அதேபோலத்தான் ஆனது. வலி குறைந்தது, ரேவதி நன்றாகத் தூங்கினாள். ஓரத்தில் சருகு தானாக உதிர்ந்த இடத்தில் ரோஸ் கலரில் புதுத் தோல் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பிரெட்டும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தார்கள். மாமா நடுவில் உட்கார்ந்தார். அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தது...

"என்னது, மாட்டுத் தோலா? நம்மூட்டுப் புள்ள கையில மாட்டுத் தோல ஒட்டுவானா அவன்? காத்துப் படாம புண்ணு அழுகிப் போயிருமல்லோ!"

"மாமா, வேண்டாங்க மாமா... புதுத்தோல் வந்துட்டு இருக்குதுங்க" என்றாள் ரேவதி.

"நீ கம்முனு இரு சாமி. மாமனுக்குத் தெரியாததா?"

தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவைத்தார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "உங்கப்பன் இருந்தாக்கூட என்னையக் கேட்டுத்தான்டா செய்வான்" என்று தள்ளிவிட்டார். அண்ணன் பேச்சை மீறத் தெரியாத அம்மா, ரேவதியின் தோளை அமுக்கிப் பிடித்தது.

பிய்த்தார். வந்துகொண்டிருந்த தோலும் சேர்ந்து வந்தது.

ரேவதி அலறிய அலறல்... ச்சே. அந்த ஆள் கூட்டத்தைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, அடியில எத்தன கெட்ட ரத்தம் கட்டியிருக்குதுன்னு!" சுற்றி இருந்தவர்களும் ஆமாமா ஆமாமா என்று தலையாட்டினார்கள். அதில் சிலர் இன்று கண்ணீர் எமோஜி போட்டிருக்கிறீர்கள்.

சீழ் பிடித்தது. தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அப்படியும் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கி இழுத்துக்கொண்டன. நரம்பு தேடி ரத்தம் எடுக்க வேண்டிய கை. இப்போது ஒரு லேபில் ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள்.

மாமா ஒரு நாளாவது வருத்தப்பட்டாரா? கல்யாண வீடு கல்யாண வீடாக "டாக்டர் கெடுத்துப்போட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் அவருக்கே இருதய வால்வு பழுதாகி, கோயமுத்தூரில் ஆபரேஷன். பார்க்கப் போனோம், ரேவதியும் வந்தாள். மனுஷன் எழுந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்.

"புது வால்வு சாமி. மாட்டு இருதயத்து ஜவ்வுல செஞ்சதாமா. இதுவும் என்னமோ கொலாஜன்தானாமா. உடம்பு தன்னுதுன்னே நெனச்சுக்குமாமா. சயின்ஸ் எங்கியோ போயிருச்சு, போ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு மாட்டுத் தோலுன்னுதானுங்க மாமா பிச்சு எறிஞ்சீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

கொஞ்சம்கூட அசரவில்லை. "அது வேற, இது வேற மாப்ள. அது கைதானே. இது உசுரு விசயமல்லோ."

ரேவதி பக்கத்தில்தான் நின்றாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்த வால்வோடு நன்றாகவே வாழ்ந்தார். பேரன் கல்யாணம் வரைக்கும் பார்த்தார்.

இன்று எழவுக்குப் போக வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொன்னேன். "போகலீனா அம்மா அழுகுமுண்ணா" என்று கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

மாலை போட்டு முடித்து எல்லோரும் கும்பிட்டார்கள். ரேவதியும் கையைத் தூக்கிக் கூப்பினாள். மடங்கிய விரல் இரண்டும் குறுக்கே நின்றன. உள்ளங்கை சேரவில்லை.

போங்க மாமா.