மூன்றாம் லயத்தின் ஏழாவது வீடு

பாக்கியம் அக்காவின் வீட்டை எடுத்தவன் நான்தான்.

இரண்டு விரலால் தூக்கி எடுத்தேன். அட்டையில் செய்த வீடு அது. ஒன்றரை அங்குல அகலத்துக்குச் சற்று மேல். என் சின்ன ரயில் திரும்புவதற்கு இடம் போதவில்லை, எடுத்துவிட்டேன். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பிற்பாடு, அப்படி ஒரு வீடு இருந்ததே இல்லை என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே... அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அது உங்கள் கையில் இருக்கும் சாமானும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரன். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். எங்கள் தோட்டத்தின் ஓரத்தை ஒட்டியே ரயில் பாதை போகும். லயம் மூன்று. லயம் என்றால் தொழிலாளர் வீடுகளின் வரிசை. ஒரே கூரையின் கீழ் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். மூன்றாம் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து தண்டவாளம் கல்லெறி தூரம்கூட இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு சிறிய ரயில் ஒன்று கட்டும் ஆசை வந்தது. யாரிடமும் போய்க் கற்கவில்லை. இணையத்தில் படம் பார்த்தேன், இரண்டு எஞ்சினைப் புகைய வைத்தேன், மூன்றாவதில் தேறினேன். வீட்டு முன்புறம் காடி, அதாவது கார், நிறுத்தும் இடத்தில், எட்டடிக்கு நான்கடி பலகை போட்டு வேலையைத் தொடங்கினேன். "பேரப்பிள்ள பொறக்குறதுக்கு முன்னாலேயே பொம்ம வாங்குன ஒரே ஆளு நீங்கதான்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தாள். ஒயர் வாங்கும் கடையின் சீனத்துப் பெரியவர், நீ வாங்கிய ஒயருக்கு நிஜ வீடே கட்டியிருக்கலாம் என்று மலாய் மொழியில் கேலி செய்வார். எனக்கு மனிதர்கள் சொல்லும் இப்படிப்பட்ட பேச்சுகள் மிகவும் பிடிக்கும். மனதில் அடுக்கி வைத்துக்கொள்வேன். அவற்றில் ஒன்றைத்தான் இன்றுவரை இறக்கி வைக்க முடியவில்லை.

ஒன்றை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்து நினைவுக்காக அதைக் கட்டவில்லை. எனக்கு வேண்டியது ரயில். ரயில் ஓட ஒரு இடம் வேண்டும்; எனக்குத் தெரிந்த இடம் தோட்டம். அவ்வளவுதான்.

தோட்டம் கைமாறி, லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு லயமும் முழுக்கக் காலி. கூரைத் தகரம்கூடப் போய்விட்டிருந்தது. மூன்றாம் லயத்தில் இரண்டே வீட்டில்தான் ஆள். இரண்டாம் வீட்டில் பாக்கியம் அக்காவின் நோயாளித் தங்கச்சி. கடைசி வீட்டில் அக்கா. புருஷன் இறந்த பிறகு, தங்கச்சிக்குத் துணையாக இருக்கலாம் என்று தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். காலியாகக் கிடந்த கடைசி வீட்டைக் கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம், கேட்டு வாங்கித் தனியாக இருந்தார்.

அவர்தான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். "நெல்லா அளந்துக்க தம்பி, அடுப்படி கொஞ்சம் கோணலா இருக்கும்" என்றார். அளந்தேன். மூன்றாம் லயத்தில் ஏழு வீடு. நானே எண்ணினேன். ஏழு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? மறதி என்று நான் தப்பிக்க வழியில்லை என்பதற்காக.

பலகை மேல் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் மூன்றடிக்கு ஒரு ஜோடி ஒயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று. எங்காவது பழுது வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம் என்று பாதையை நான்காகப் பிரித்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அரிசியளவு விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் முன்பலகையில் ஒரு சுவிட்சு. மூன்றாம் லயத்துக்கு ஏழு சுவிட்சு.

நிஜத்தில் பாதை நேராகப் போகும். என் பலகை எட்டடியில் முடிந்துவிடும். ரயில் திரும்பித்தானே ஆக வேண்டும்? பதினெட்டு அங்குல ஆரத்தில் வளைவு போட்டேன். அதைவிட நெருக்கினால் சக்கரம் தடம் புரளும். எஞ்சின் அழகாகத் திரும்பியது. பின்னால் வந்த நீளப் பெட்டிதான் வம்பு செய்தது. நீளப் பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுவயிறு உட்பக்கம் தள்ளும். தள்ளி, ஏழாவது வீட்டின் சுவரை இடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் இடித்தது.

மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் கத்தியால் அந்த வீட்டைப் பிரித்தெடுத்தேன். ஒயரை மேசைக்கு அடியில் மடித்துக் கறுப்பு டேப் சுற்றினேன். சுவிட்சைக் கழற்றினால் ஓட்டை தெரியும் என்பதால் அதை அப்படியே விட்டேன். ரயில் ஓடியது. கை தட்டாத குறைதான்!

இதுவரை நான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. இல்லையா?

பிறகு லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கே இன்று வரிசை வீடுகள். லயத்தின் ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாகக் குடியிருந்தவர்களுக்கு, முன்பே வெளியேறியிருந்தாலும், ஆளுக்கொரு வீடு கொடுப்பதாகப் பேச்சுவார்த்தையில் முடிவானது. தோட்டத்துப் பதிவேடு கிடைக்கவில்லை; கிராணியும் உயிரோடு இல்லை. யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று நாங்களே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். பழைய தோட்டத்தார் குழுவின் செயலாளர் குணா, வாடகைக் காடி ஓட்டுகிற பையன், ஓட்டத்துக்கு நடுவில் அலைந்து அலைந்து பெயர் சேர்த்தான். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். சந்தேகம் வந்தால் அக்கம்பக்கத்தார் சாட்சி. அப்போதுதான் என் ரயிலின் வீடியோ யார் யார் கைப்பேசிக்கோ போய் அவனிடமும் வந்தது.

"அண்ணே, நீங்க அளந்து கட்டுனதாமே. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டியாரவா?" என்று கேட்டான்.

எனக்கு மனம் எவ்வளவு குளிர்ந்தது என்கிறீர்கள்! வரச் சொன்னேன்.

முப்பது பேர் வந்தார்கள். விளக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மூங்கில் திரையை இறக்கிவிட்டேன். குணா சுவிட்சை ஒவ்வொன்றாகப் போட்டான். ஒரு வீட்டில் விளக்கு எரியும், "அது எங்களுது" என்று ஒரு குரல் வரும், அவன் எழுதிக்கொள்வான். சிலர் அழுதார்கள். என் மனைவி காப்பி கலக்கியபடி, முதல் தடவையாக என்னைக் கேலி இல்லாமல் பார்த்தாள்.

மூன்றாம் லயம் வந்தது. ஆறு விளக்கு எரிந்தது. ஆறு பெயர்; இரண்டாம் வீட்டுக்கு, அதற்குள் காலமாகிவிட்ட தங்கச்சியின் பெயரைச் சொன்னது, பல வருடமாக வெளியூரில் இருந்த அவர் மகன். பாக்கியம் அக்கா மேசை ஓரத்துக்கு வந்து நின்றார். குணா ஏழாவது சுவிட்சைப் போட்டான். ஒன்றும் எரியவில்லை.

"இது எதுக்கு அண்ணே?"

"அது ஸ்பேர்லா" என்றேன்.

நினைத்துப் பேசவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னால் நம்புவீர்களா?

அக்கா, கடைசி வீடு தன்னுடையது, மொத்தம் ஏழு வீடு என்றார். மற்றவர்கள் யோசித்தார்கள். அவர்களெல்லாம் முன்னரே டவுனுக்குப் போய்விட்டவர்கள். சிறுவயதில் அக்கா அப்பா அம்மாவோடு இரண்டாம் வீட்டில் இருந்ததுதான் அவர்களுக்கு ஞாபகம். ஒருவர் மேசையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். ஆறு என்றார். இன்னொருவரும் எண்ணினார். என் கண்முன்னே, என் பலகையைப் பார்த்துப் பார்த்து, அவர்களுடைய ஞாபகம் ஏழிலிருந்து ஆறாகச் சுருங்கியது.

"ஒங்க வீடு ரயிலேறிப் போயிருச்சி போல அக்கா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

குணா என்னைப் பார்த்தான். "அண்ணந்தான் அளந்தவரு. அண்ணே?"

'சட்டியைத் தள்ளி வைக்கிற மாதிரி அந்த வீட்டைத் தள்ளி வைத்தேன், ரயில் திரும்பட்டும் என்று' என ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்துவிட்டு ஏழு என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த முப்பது பேரும் வந்ததிலிருந்து ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: 'அச்சு அசல்!' அந்த இரண்டு சொல்லை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"நான் அளந்தபடிதான் கட்டியிருக்கேன்" என்றேன்.

குணா நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு படம் எடுத்தான், பட்டியலோடு சேர்த்துக் கொடுப்பதற்கு.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், அதற்கு மறுநாள்... எண்ணைத் தட்டுவேன், அழிப்பேன். பட்டியல் அடுத்த வாரம்தான் போவதாக இருந்தது. எனக்கு நேரம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், இருந்தது.

புதன்கிழமை காலையில் பாக்கியம் அக்கா தனியாக வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரவில்லை. நேரே மேசையருகில் போய் நின்றார்.

"தம்பி, நீ வந்து அளந்தியே... நான் டேப்ப புடிச்சேனே. எந்த வீடு அது?"

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. முப்பது பேரும் அந்த வீடே இல்லை என்று சொன்ன பிறகு, தன் தலையில்தான் ஏதோ கோளாறோ என்று பயந்து, சரிபார்க்க வந்திருந்தார். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி நான். அதனால் என்னிடம் வந்தார்.

"அது ஒங்க தங்கச்சி வீடு அக்கா" என்றேன்.

"அப்ப... ஏழு இல்லையா?"

"ஆறுதான் அக்கா."

ஏன் சொன்னேன்? பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். குணாவுக்குத் தலைகுனிவு வந்துவிடும் என்றா? பட்டியல் தாமதமானால் மற்றவர்களுக்குக் கெடுதல் என்றா? இதெல்லாம் பிறகு நான் ஒட்டவைத்த காரணங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். புதன்கிழமை அது என்னைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. பழுது தேடிப் பிழைத்தவன் நான். எந்த இடத்தில் ஒயர் கருகியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். இதிலும் இடம் தெரியும். தெரிந்து என்ன?

அக்கா வளைவில் தண்டவாளத்தின் உட்பக்க ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். "எனக்குத்தான் புத்தி தடுமாறிருச்சி போலருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ரயிலைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். அவர் விரல் வைத்திருந்த இடத்தில், அவருடைய கோணல் அடுப்படி இருந்திருக்க வேண்டிய இடத்தில், நீளப் பெட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுகமாகத் திரும்பிப் போனது. எதையும் இடிக்கவில்லை.

வீடுகள் கொடுத்தார்கள். பாக்கியம் அக்காவுக்கு இல்லை. தங்கச்சி மகனுக்குக் கிடைத்த வீட்டின் பின்னறையில் இருக்கிறார்.

அன்றோடு ரயிலைத் தொடவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உங்களுக்கும் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் புது எஞ்சின்கூட வாங்கினேன்.

சென்ற வருடம்தான் அக்காவைப் பார்க்கப் போனேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். வளைவு, பெட்டி, கத்தி, சுவிட்சு, குணாவிடம் சொன்னது, அவரிடம் சொன்னது... எல்லாம். தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "பசியாறிட்டியா தம்பி?" என்றார்.

"அக்கா, ஏழு வீடுதான். கடைசி வீடு ஒங்களுது. நான்தான் பொய் சொன்னேன்."

"எனக்காக ஏன்லா இப்பப் பொய் சொல்ற?" குரலில் கோபமே இல்லை. "ஆறுதான். நான் எங்க தனி வீட்டுல இருந்தேன்? தங்கச்சி வீட்டு அஞ்சடியிலதானே படுத்துக்கெடந்தேன். சாரல் அடிச்சா பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ள ஓடுவேன். இப்பவும் கண்ணுல நிக்கிது."

உள்ளே இருந்த தங்கச்சி மகனைக் கூப்பிட்டு, பெரியம்மா மனசு நோகக்கூடாது என்று இந்தத் தம்பி எவ்வளவு தூரம் வந்து பேசுகிறது பார் என்று என்னைப் பாராட்டினார். குணா செயலாளர் வேலையை விட்டு முழுநேரமும் காடி ஓட்டப் போய்விட்டான், பட்டியல் மூடியாயிற்று, நானே போய்ச் சாட்சி சொன்னாலும், தனக்கு வீடு இருந்தது என்று சொல்ல அக்காவே இனி வரமாட்டார்.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் தாழ்வாரத்தைத்தான் நாங்கள் அஞ்சடி என்போம். தங்கச்சி வீட்டு அஞ்சடி முழுக்க, கூரை முட்ட, விறகு அடுக்கியிருந்தது. ஓர் ஆள் படுக்க அங்கே இடமே கிடையாது. அதையும் நான் அளந்திருக்கிறேன்.

சொல்லவில்லை. அக்கா காப்பியை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.