ஏழாம் பேட்டி

அம்மா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ குரல் எங்கயாவது பதிவாகி இருக்குமாம்மா? நீதான் இன்ஜினீயர் ஆச்சே, தேடிப் பாரேன்."

தேடினேன். அம்மாவின் போனில் குரல் செய்தி ஒன்றுகூட இல்லை. எதையும் தட்டச்சு செய்துதான் அனுப்புவாள், முற்றுப்புள்ளி உட்பட. குடும்ப வீடியோக்களில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். ஒன்றில் மட்டும் நான்கு நொடி பேசுகிறாள்: "கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

அப்பா அதைப் பதினொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இது போதாதும்மா."

போதுமான பதிவு ஒன்று இருந்தது. ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அப்பாவுக்கு அது தெரியாது.

அம்மா ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தாள். ஏற்றுமதிப் பத்திரங்கள் அவள் பொறுப்பு. ஒரு காற்புள்ளி தவறினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் செருகுவாள். அலுவலகத்தில் அவள் பெயரே காற்புள்ளி. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்தப் பத்திரங்களில் ஒன்று, வாங்குபவர் தரும் உறுதிமொழி. 'இந்தப் பொருளை அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்துவோம், பிறருக்குக் கைமாற்ற மாட்டோம்.' சில இயந்திரங்கள் பால் பவுடருக்கும் உதவும், ஆயுதத்துக்கும் உதவும் என்பதால் இந்த ஏற்பாடு. அம்மா அந்த வாசகத்தை ஆயிரக்கணக்கான முறை அடித்திருக்கிறாள். ஒருமுறை நாற்பது வெற்றிட பம்புகள். வாங்குவது ஒரு பால் பவுடர் ஆலை. முகவரியில் 'மூன்றாம் மாடி' என்று இருந்தது.

"ஆலை எப்படிடி மூணாம் மாடியில இருக்கும்? அப்பவே தோணுச்சு. ஆனா நான் காற்புள்ளியைத்தான் சரி பார்த்தேன்" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். அந்த பம்புகள் எங்கே போயின என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம், ஐம்பத்தேழு வயதில், பன்னாட்டுப் பாதுகாப்பு முதுகலையில் சேர்ந்தாள்.

"ரிட்டயர் ஆனவங்க தோட்டம் போடுவாங்க. இவ அணுகுண்டு படிக்கப் போறா" என்றார் அப்பா. "குண்டு போடுறவன் எல்லாம் படிச்சிட்டா போடுறான்?"

"அவன் படிக்க வேண்டாம். அவனுக்குப் பேப்பர் அடிச்சுக் கொடுத்தவளாவது படிக்கட்டும்."

வகுப்பில் இருபத்திரண்டு பேர். அம்மாவைத் தவிர யாருக்கும் முப்பது ஆகவில்லை. வாரத்துக்கு முந்நூறு பக்கம் வாசிப்பு. முதல் மாதம் தலைவலித் தைலத்தோடுதான் படித்தாள். படித்ததை அப்பாவிடம் சோதித்துப் பார்ப்பாள்.

"நீங்க ரிமோட்டை எடுத்தா நான் அடுப்பை அணைச்சிடுவேன்னு உங்களுக்குத் தெரியும். அதனால எடுக்க மாட்டீங்க. இதுக்குப் பேரு தடுப்பு உத்தி."

"இதுக்கா ஃபீஸ் கட்டினோம்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதானே நடக்குது?"

இரண்டாம் பருவத்தில் நெருக்கடிப் பயிற்சி ஒன்று. போன்களைப் பெட்டியில் வாங்கிப் பூட்டிவிட்டு, ஆறு மணி நேரம் மாணவர்களை நாடுகளாகப் பிரித்து மோத விடுவார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது படையே இல்லாத ஒரு குட்டி நாடு. பெரிய நாடுகள் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை அடித்துக்கொண்டிருந்தாள். நேரம் முடியும்போது எழுத்தில் இருந்தது அவளுடையது மட்டும்தான். எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் பொதுச்செயலாளர்.

"கட்சி கிடையாது, கூட்டம் கிடையாது, பதவி மட்டும் வந்துடுச்சு" என்றார் அப்பா. ஆனால் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னார்.

ஆய்வேட்டுக்கு அந்த உறுதிமொழிகளையே எடுத்தாள். பொருளைச் செய்பவர்கள், சோதிப்பவர்கள், பத்திரம் அடிப்பவர்கள், இவர்களுக்கு உள்ளபடி என்ன தெரியும், தெரிந்தும் ஏன் பேசுவதில்லை என்பது கேள்வி. பதினோரு பேட்டிகள். ஏழாவது நான். வெற்றிட பம்பு செய்யும் தொழிற்சாலையில் நான் சோதனைப் பொறியாளர்.

ஒரு சனிக்கிழமை மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரெக்கார்டரை வைத்தாள். பக்கத்தில் ஒப்புதல் படிவம். பேட்டி தந்தவர் யார் என்று யாரிடமும் சொல்லப்படாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் பெயர்த்ததும் பதிவு அழிக்கப்படும், பேட்டி தந்தவர் கேட்டால் அவருக்கு மட்டும் ஒரு பிரதி தரப்படும். விலகினால் பிரதி கிடையாது, பதிவு உடனே மீட்க முடியாதபடி அழிக்கப்படும்.

"எனக்கே படிவமாம்மா?"

"உனக்குத்தான் முக்கியமா. பொண்ணுன்னு தளர்த்தினா அது விதி இல்ல, சலுகை. கையெழுத்துப் போடு."

அம்மா பேட்டி எடுக்கும் விதம் விசித்திரமானது. ஒரு வார்த்தைதான் கேட்பாள்: "அப்புறம்?" நான் சொல்லாமலே விட்டிருக்கக்கூடிய விஷயம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்தது. பழுதுக்குத் திரும்பி வந்த ஒரு பம்பு. காகிதத்தில் அது மருந்துத் தொழிற்சாலையுடையது. திறந்து பார்த்தேன். உட்சுவர் அரித்திருந்த விதம் எந்த மருந்தாலும் வந்ததில்லை. மேலாளருக்குக் குறிப்பு எழுதினேன். "உங்க வேலை பம்பைச் சோதிக்கிறது. வாங்கினவங்களை இல்ல" என்றார்.

"அப்புறம்?"

"சுத்தம் பண்ணினேன். ஓட்டிப் பார்த்தேன். சரியா ஓடுச்சு. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன்."

அம்மா பேனாவை மூடினாள்.

"உனக்கும் ஒரு மூணாம் மாடி இருக்கு" என்றாள். திட்டவில்லை. தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்பது போலச் சொன்னாள். ரெக்கார்டரை அணைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து, சோதனைப் பிரிவுத் தலைவர் பதவிக்கான பட்டியலில் என் பெயர் வந்தது. எனக்குப் பயம் வந்தது. பெயர் இல்லாவிட்டாலும் அந்த பம்பின் கதை எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஆளைத்தான் காட்டும். அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'நான் பேட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' ஒரு வரி. பெற்ற தாய்க்கு. போனில் சொல்லும் தைரியம் இல்லை.

அவள் அன்று மாலை போன் செய்தாள். காரணம் கேட்கவில்லை.

"ஒரு ஃபைலை டெலீட் பண்ணினா நிஜமாவே போயிடுமாடி?"

போகாது என்று விளக்கினேன். அழிவது அட்டவணையில் உள்ள பெயர் மட்டும்தான், தரவு அப்படியே இருக்கும், அதன் மேல் பூஜ்யங்களை எழுத வேண்டும் என்றேன். எந்த மென்பொருள், எந்தப் பொத்தான், எல்லாம் சொன்னேன். "மூணு தடவை எழுதிடு. கம்ப்யூட்டர்ல காப்பி இருந்தா அதையும்." எந்த ஃபைல் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அம்மாவின் முக்கிய அத்தியாயம் அந்தப் பேட்டியின் மேல்தான் நின்றது. பேராசிரியர் வேறு ஆள் தேடச் சொன்னார். ஒரு பருவம் தள்ளிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"யாரோ பேட்டி கொடுத்துட்டுக் கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டாங்களாம். யாருன்னு கேட்டா இவ வாயே திறக்க மாட்டேங்கறா. அந்த ஆளெல்லாம் உருப்படுமா?" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

"திட்டாதீங்க. விதியில இடமிருக்கு" என்றாள் அம்மா.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அந்த மாதமே பதவி கிடைத்தது. அம்மா முதல் ஆளாக வாழ்த்து அனுப்பினாள், முற்றுப்புள்ளியோடு.

வேறொரு தொழிற்சாலையில் ஒருவரைக் கண்டுபிடித்து அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். சமர்ப்பிக்க ஐந்து வாரம் இருக்கும்போது, பையில் நான்கு நூலகப் புத்தகங்களோடு பேருந்து நிறுத்தத்தில் சரிந்தாள். மாரடைப்பு. அந்த ஒரு பருவம் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் அவள் பட்டம் வாங்கியிருப்பாள்.

அப்பா கேட்ட பிறகு ரெக்கார்டரின் மெமரி கார்டையும் அவள் கம்ப்யூட்டரையும் எடுத்து வந்தேன். மீட்பு மென்பொருளை இரண்டு முறை ஓட்டினேன். மற்ற பத்துப் பேட்டிகளும் கிடைக்கவில்லை. அவற்றை எழுத்தில் பெயர்த்ததும், படிவத்தில் சொன்னபடி அழித்திருந்தாள். கார்டை நேரடியாகத் திறந்து பார்த்தேன். திரை முழுக்கப் பூஜ்யம். அவள் நோட்டில் நான் போனில் சொன்னதெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. 'மூன்று முறை' என்பதற்கு எதிரே மூன்று டிக்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு பதிவு இருந்துச்சுப்பா. அழிஞ்சிடுச்சு. எடுக்க முடியல. ஆனா அதுல என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கூட இருந்தேன்."

"அப்போ சொல்லு. அவ பேசின மாதிரியே சொல்லு."

அம்மா ரெக்கார்டரை வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவள் பேச்சையும், பேட்டி தந்தவரின் பேச்சையும் நானே பேசினேன். பம்பு வந்தது, திறந்தது, குறிப்பு எழுதியது.

"அப்போ அம்மா, ஏன் அதோட விட்டீங்கன்னு கேட்டா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "இல்லம்மா. அவ ஏன்னு கேட்டு நான் பார்த்ததே இல்ல. 'அப்புறம்'னுதான் கேப்பா."

உண்மை. நான்தான் மாற்றிச் சொல்லியிருந்தேன்.

"ஆமாம்ப்பா. 'அப்புறம்'னுதான் கேட்டா."

"ம். அப்புறம்?"

முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டார். அம்மாவும் அப்படித்தான் ஊன்றுவாள்.

"பம்பைச் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பிட்டதா அந்த ஆள் சொன்னாங்க. அம்மா ரெக்கார்டரை அணைச்சுட்டா."

"அப்புறம்?"

"அஞ்சு வாரம் கழிச்சு அந்த ஆளுக்குப் பதவி உயர்வு வர்ற மாதிரி இருந்துச்சு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். முழங்கையை எடுக்கவில்லை.

"அப்புறம்?"

"விலகினது நான்தாம்ப்பா."

போன் வந்ததையும் சொன்னேன். பூஜ்யங்களையும், மூன்று முறை என்று சொல்லிக் கொடுத்ததையும் சொன்னேன். சொல்லி முடித்து, அடுத்த 'அப்புற'த்துக்காகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார். நான்கு நொடி.

"கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

மறுபடி போட்டார்.