இடி என்று சொல்லலாமா?

என் டைரியில், போன செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஒரே வரி: 'மாலை, ஜங்லிகாட். மின்னல் எச்சரிக்கை. யாரும் பொருட்படுத்தவில்லை.'

எங்கள் தீவின் மீன்பிடித் துறை அது; மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே ஐஸ் கடை வைத்திருக்கும் சலீம் பாய்தான் மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறார். இந்தியில் வரும் வானிலைச் செய்தியைத் தமிழில் பேசி, வாய்ஸ் மெசேஜாகப் போடுவார். அன்றும் போட்டார்: "சாயங்காலம் கடல்ல மின்னல் அதிகமா இருக்கும். யாரும் போகாதீங்க."

முருகேசன் தன் டிங்கிப் படகில் டீசல் கேனை ஏற்றிக்கொண்டிருந்தார். கூடவே மருமகன். "மின்னல்தானே பாய்? தினம் அடிக்குது. டார்ச் பேட்டரி மிச்சம்!"

ஒரே சிரிப்பு.

நான் சலீம் பாயிடம் மெதுவாகக் கேட்டேன். தமிழில் மின்னல் வெட்டும், பளிச்சிடும்... விழுவது இடிதானே? எரிப்பது மின்னல், இடி வெறும் சத்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். படித்து என்ன? நாம் பயப்படுவது இடிக்குத்தான்!

"தெரியும் சார். கடலுக்குக் கிளம்புறவன்கிட்ட அந்த வார்த்தைய எப்படிச் சொல்றது? சாபம் விட்ட மாதிரி ஆயிடும்ல?"

உண்மைதான். படகு தள்ளும் நேரத்தில் இங்கே யாரும் 'இடி' என்று வாய் திறப்பதில்லை. திட்டுவதற்குக்கூட. நல்ல மரியாதை - ஆனால் எச்சரிக்கையின் பல்லையல்லவா பிடுங்கிவிட்டது?

பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ராணி, முருகேசனின் மனைவி, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எழுந்து நேராகப் படகுக்குப் போனார்.

"யோவ், இடி விழுமாம்யா. இடி! நானே சொல்லிட்டேன். இறங்கு."

முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாகலாடி நீ? கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது?"

"ஆமா, பாகல்தான், பைத்தியம்தான். மகளுக்கு இது ஏழாம் மாசம். அவ புருஷனையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போறே... இறங்குய்யா!"

ராணியே டீசல் கேனை மணலில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதலில் மருமகன் இறங்கினார். பிறகு முருகேசன், முணுமுணுத்தபடி. பக்கத்துப் படகுகளிலும் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அடுத்த எச்சரிக்கையிலேயே சலீம் பாய் மாறிவிட்டார்: "மன்னிச்சுக்குங்க... இடி விழும்." மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரும் வானிலை அறிக்கை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

சரி, அன்று மாலை கடலில் இடி விழுந்ததா? விசாரித்துப் பார்த்தேன், இன்றுவரை உறுதியாகவில்லை. பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள்.